குறை எண்

ஏப்ரல் முழுக்க
ஜெலுத்தோங்கில், மீ கடைக்கு மேல்மாடியில்,
தவுக்கே ஊய்யின் வரி ஆபீசில்
பிற்பகல் இரண்டிலிருந்து எட்டு வரை
மற்றவர்களின் பணத்தைத் தட்டுகிறேன்.
மணிக்குப் பத்து வெள்ளி.
கீழே சட்டி காயும்போது
மேலே எல்லோர் சம்பளத்திலும்
பூண்டு வாசம்.

காலையில் நான் கணித மாணவி.
மூன்றாம் ஆண்டு, கெலுகோரில்.
பஸ்ஸில் வரும் இருபத்தைந்து நிமிடத்தில்
எண்கள் குணம் மாறிவிடுகின்றன.

சப்பாத்துப் பெட்டிகளில் வந்து சேர்கிறது
ஒவ்வொருவரின் ஒரு வருடம்:
மடிக்கணினி ரசீது, புத்தக ரசீது,
இணையக் கட்டணம்,
தாயாரின் கண் ஆபரேஷன்,
ஒருமுறை பூனைக்கு வாங்கிய மணல்கூட.
'இதற்கும் கழிவு உண்டா?' என்று
மஞ்சள் துண்டில் கேட்டிருந்தார் திருமதி காங்.
இல்லை.
பூனைக்கு இல்லை.

பிள்ளைக்கு உண்டு.
பதினெட்டு தாண்டிய பிள்ளை
பட்டம் படித்தால் எட்டாயிரம்.
டாக்டர் குணரத்தினத்தின் மகன்
மெல்பர்னில் கட்டடக்கலை படிக்கிறான்.
அந்தக் கட்டத்தில் எட்டாயிரம் என்று தட்டினேன்.
கட்ட வேண்டிய வரியில்
இரண்டாயிரம் வெள்ளி
சத்தமில்லாமல் இறங்கியது.
என் இரண்டு செமஸ்டர் கட்டணம்.
விரல் ஒரு கணம் விசையிலேயே நின்றது.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஆண்டுதோறும் தவ்சா பியா கொண்டுவருவார்,
'நீ என்னம்மா படிக்கிறே' என்று கேட்பார்,
பதிலைக் காத்திருந்து கேட்பார்.

நேற்று எட்டரைக்கு அப்பா வந்தார்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பத்து மணிக்கு இரவுக் காவல்.
ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்திருந்தார்
தன் சம்பளப் படிவத்தை.
'எனக்கும் ஒண்ணு போட்டுப் பாரேன்.
மக படிச்சா கழிவுன்னு
ரேடியோவுல சொன்னான்.'

தவுக்கே போயிருந்தார். விளக்கு ஒன்றுதான்.
மாசிலாமணி த/பெ வீராசாமி.
எட்டாயிரம் என்று தட்டினேன்.
வரி: பூஜ்யம்.
எட்டாயிரத்தை அழித்தேன்.
பூஜ்யம்.
மறுபடி போட்டேன். மறுபடி அழித்தேன்.
நான் படித்தாலும் பூஜ்யம்,
படிப்பை விட்டாலும் பூஜ்யம்.
அந்தக் கட்டத்துக்கு
நான் பிறந்த செய்தியே தெரியாது.

பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது
இந்த மென்பொருள்.
முதலாம் ஆண்டில் முதல் வாரமே
எங்களுக்குக் கீழே இறங்கச் சொல்லித் தருகிறார்கள்:
கோட்டின் இடப்பக்கமும் எண்கள் உண்டு,
முடிவே இல்லாமல் உண்டு.
என் கல்விக் கடன் அங்கேதான் இருக்கிறது.
அப்பாவின் மோட்டார் தவணை அங்கே.
அம்மாவின் சங்கிலி, ஈராண்டாக
அடகுக் கடையில், அங்கே.

போன மாதம் என் பிறந்தநாளன்று
பேரங்காடியில் கோழிச்சோறு வாங்கித் தந்தார்.
ரசீதின் அடியில் சேவை வரி,
ஆறு விழுக்காடு.
அன்றைக்கு யாரும்
அவர் சம்பளம் என்னவென்று கேட்கவில்லை.

'எவ்வளவு வரும்?'
'ஒண்ணும் வராதுப்பா.'
'கட்டணுமா?'
'கட்ட வேண்டாம்.'
அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.
'அப்புறம் என்ன? நல்லதுதானே!'
சிரித்தார், மேசையிலிருந்த பியா ஒன்றை எடுத்து
பாதி கடித்து, மீதியை என்னிடம் நீட்டினார்.

சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.
படிவத்தை அனுப்பினேன்.
அச்சிட்டு வந்த ரசீதை
நான்காக மடித்து
ஹெல்மெட்டுக்குள் வைத்தார்,
ஏதோ கிடைத்தவர் போல.
ஒன்பது இருபதுக்கு மோட்டார் சத்தம்
பாலத்துப் பக்கமாய்க் கரைந்தது.

நாளைக்கு ஒரு தேர்வு.
ஒரு கேள்வி எனக்கு நிச்சயம் தெரியும்:
எட்டாயிரத்தைச் சுழியால் பெருக்கு.