பதினாலு நாள் தவணை

ரசீது மேசை இழுப்பறையில் இருக்கிறது.
பதினாலு நாளுக்குள் பெட்டி கசங்காமல் கொண்டுவந்தால்
காசைத் திருப்பித் தருவாராம் கடைக்கார ஃபோல்கர்.
இன்று பதினோராம் நாள்.

பழையது பன்னிரண்டு மெகாபிக்சல்.
பிடியின் ரப்பர் உரிந்து
இரண்டுதரம் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.
புதியது நாற்பத்தைந்து.
இடையில் முப்பத்து மூன்று மில்லியன் புள்ளி,
அவ்வளவும் என் ஓவர்டைம்,
ஆஸ்பத்திரிச் சலவையறையில்
வெள்ளைத் துணி மடித்த இரவுகள்.

"இப்ப படம் வடிவா வருதோ?" என்கிறார் தயாபரன்.
கேள்விக்குள் ஒரு கணக்குக் கொப்பி
திறந்தபடி கிடக்கிறது.

சமையலறை ஜன்னலில் முக்காலி வைத்துச் சோதித்தேன்.
ஒரே லென்ஸ். ஒரே திறப்பு. ஒரே நவம்பர்.
எதிரே வுப்பர் ஆறு,
அதன் தலைக்குமேல் தண்டவாளத்தைப் பிடித்துத்
தொங்கிக்கொண்டு போகும் ரயில்.
பழையதால் ஒன்று,
அடுத்த ரயில் வரும்வரை நின்று
புதியதால் ஒன்று.
மருந்துக்கடை மெஷினில் இரண்டையும்
உள்ளங்கை அளவில் அச்செடுத்து
சீட்டுப் போலக் குலுக்கி நீட்டினேன்:
எது புதுசு?

தயாபரன் பழையதைத் தொட்டார்.
மிதுராவும் பழையதைத் தொட்டாள்.
பின்பக்கம் பென்சிலால் எழுதிய எண் இல்லையென்றால்
நானும் அதைத்தான் தொட்டிருப்பேன்.
எவ்வளவு கொடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காதது மட்டும்
நல்ல ஃபோகஸில் இருந்தது.

போதாததற்கு
புதியதின் ஒரு படத்தைத் திறக்கவே
வீட்டு லாப்டொப் பெருமூச்சு விடுகிறது.
இனி அதையும் மாற்றவேண்டுமாம்.

ஆனால் இருட்டு வேறு கதை.
வேலை முடிந்து விடியப்புறம் ஐந்து மணிக்கு
பாலத்தில் நின்று எடுத்தேன்.
பழையது இருட்டைக் கண்டால் பயந்துவிடும்,
சிவப்பும் பச்சையுமாய் மணல் அள்ளி வீசும்.
புதியது இருட்டை இருட்டாகவே விட்டுவைத்தது.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
இரும்புத் தூணின் அடியில்
கணுக்கால் தண்ணீரில் ஒரு சாம்பல் நாரை,
கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு
முதல் பஸ்சுக்கு நிற்பவள் போல.

அதே பாலம், அதே தூண், அதே நேரம்,
ஆறு வருசமாய் எங்கள் வரவேற்பறைச் சுவரில்
தொங்குகிறது, பழையதால் எடுத்தது.
கழற்றி மேசையில் கிடத்தி
பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன்.
தூணின் அடியில் நாலைந்து சாம்பல் கட்டம்.
"கல்லு" என்றார் தயாபரன்.
"கொக்கு" என்றாள் மிதுரா யோசிக்காமல்.
அவளுக்குப் போன கிழமை
தபால்பெட்டியும் கொக்குத்தான்.

இன்று மத்தியானம் எல்பர்ஃபெல்டுக்குப் போனேன்,
திருப்பிக் கொடுக்க அல்ல, கேட்க.
ஃபோல்கர் இரண்டு படத்தையும் திரையில் ஏற்றி
மூலைகளைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தார்.
பின்பக்கக் கண்ணாடியில் ஒரு பெருவிரல்,
சின்னது, சுழி சுழியாய்,
ஓரத்தில் காய்ந்த ஜாம்.

"இது எவ்வளவு காலமாக இருக்கிறது?"

மிதுராவுக்கு இப்போது ஏழு.
அந்த விரலுக்கு மூன்று வயதிருக்கும்.
ஆக நாலு வருசம்
அவளுடைய கைநாட்டுக்குள்ளால்தான்
இந்த ஊரைப் பார்த்திருக்கிறேன்.
சுவரில் உள்ளது அதற்கும் முந்தியது,
கல்லுக்கோ கொக்குக்கோ
ஜாமைக் குற்றம் சொல்ல முடியாது.

அவர் துணியை எடுத்தார்.
"பொறுங்கோ" என்றேன், தமிழில்.
அவருக்கு விளங்கவில்லை, துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல்
பழையதைத்தான் முதலில் முக்காலியில் ஏற்றினேன்.
துடைத்த கண்ணாடி, உரிந்த ரப்பர்.
நாலரை மணி. வெளிச்சம் போய்விட்டது.
ரயில் ஒரு மஞ்சள் கோடாகப் போகிறது.

இன்னும் மூன்று நாள்.
மூன்று நாளும் மழை என்கிறது ரேடியோ.