நிலை பதினைந்து

காஸ்த்ரோவில் நான்காவது நாளாக மழை.
சால்மன் பண்ணை அலுவலகத்தின் மாடியில்
ஈரக் காலுறையைக் கணப்புக்குக் காட்டியபடி
லெமுய் தீவுக்கு அப்பால்
மிதவையில் இருக்கும் ஒரு பெட்டிக்குள்
யார் யாரெல்லாம் நுழையலாம் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு பெயர்கள்.
இரண்டு பேர் பனாமாவுக்குப் போய்விட்டார்கள்.
ஒருவர் மீன் மருத்துவர், ஒரே ஒரு நாள் வந்தவர்.
'அட்மின்' என்ற பெயரில் எல்லோரும்.
அதன் கடவுச்சொல் சமையலறைப் பலகையில்
முட்டைக் கணக்குக்குக் கீழே
சாக்கட்டியில் இருந்ததாம், மூன்று வருடமாக.

தலைமையகத்தின் உத்தரவு இரண்டே வரி:
தேவையில்லாதவரை நீக்கு.
தேவைப்படுபவருக்குத் தேவையான அளவு கொடு.
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.
தேவையை அளக்க என்னிடம் இருந்ததோ
ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்கள்.

எலியேசேர் மான்சியா. மிதவையின் சமையல்காரர்.
நிலை பதினைந்து.
போன ஆகஸ்ட் புயலில்
யாரோ தொலைபேசியில் சொல்லச் சொல்ல
ஒற்றை விரலால் தட்டித் தட்டி
பெட்டியை எழுப்பியவர்.
அன்று கொடுத்ததை யாரும் திரும்ப வாங்கவில்லை.
ஒன்று என்று மாற்றினேன்.
பார்க்கலாம், தொடக் கூடாது.
மாவு பிசைகிற கைக்கு எதற்கு இது என்று
நினைத்தேன். ஆம், நினைத்தேன்.

அடுத்து ரொசாமெல் கார்தெனாஸ். அவனுக்கும் ஒன்று.
கணக்கில் அவன் 'ரகார்தெனாஸ்'.
நான் 'ரகார்கமோ'.
பாதி தூரம் வரை ஒரே ஆள்.
என்டரைத் தட்டிவிட்டு
மாத்தே போட எழுந்து போனேன்.

திரும்ப வந்து நுழைந்தபோது
பெயருக்குப் பின்னால்
குறுக்கும் நெடுக்குமாய் நாலு கோடு இருக்க வேண்டிய இடத்தில்
ஒற்றை அம்புமுனை,
வாசலைக் காட்டும் விரல்போல.

ஒன்றும் உடையவில்லை.
தீவனக் குழாய் ஓடியது.
காமிராவில் மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன.
எல்லாம் சரியாக இருந்தது,
இனி யாராலும் எதையும் மாற்ற முடியாது
என்பதைத் தவிர.

துறைமுகம் மூடியிருந்தது, படகு கிடையாது.
ரேடியோவில் மான்சியாவைக் கூப்பிட்டேன்.
"பெட்டியின் முதுகில் ஓர் ஊசித்துளை..."
"இருக்கிறது."
"கூர்மையாக ஏதாவது..."
"மீன்முள் போதுமா?"
பத்து எண்ணும்வரை அழுத்தச் சொன்னேன்.
வெங்காயம் பொரியும் சத்தத்தினூடே எண்ணினார்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
அடுப்பைக் குறைக்கச் சொல்லி யாரையோ அதட்டினார்.
பத்து.
எல்லோரும் போனோம், நான் உட்பட.

பக்கவாட்டில் நாடா போட்டு ஒட்டிய பென் டிரைவைச்
செருகச் சொன்னேன்.
போன செவ்வாய்க்கிழமை அப்படியே திரும்பி வந்தது:
பனாமாக்காரர்கள், மருத்துவர்,
முட்டைக் கணக்குக்குக் கீழிருந்த அட்மின்,
நான் பதினைந்து,
மான்சியா பதினைந்து.

"வேறேதாவது உண்டா? சூப் ஆறுகிறது" என்றார்.
காலையில் செய்ததை அவரிடம் சொல்லவில்லை.

பனாமாக்காரர்களை நீக்கினேன். மருத்துவரை. அட்மினை.
ரொசாமெலுக்கு ஒன்று,
எழுத்தெழுத்தாக வாய்விட்டு வாசித்த பிறகு.
கடைசியில் அவருடைய வரி.
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
மழை சன்னலைத் தட்டியது, கடவுச்சொல் தெரியாத ஆள்போல.

பதினைந்தை அப்படியே விட்டுவிட்டு
மாதாந்திர அறிக்கையைத் திறந்தேன்.
'விதிவிலக்குக்கான காரணம்' என்ற கட்டத்தில்
எழுதினேன்:
புயல்.