நாற்பது மீன், நான்கு டாலர்

பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.
பென்சில் மட்டும்தான்.
கோட்டு, பை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் பூட்டறையில்.
நாங்கள் இங்கே எதையும் அழித்துவிடக் கூடாதாம்.

வந்த நோக்கம்: குடும்ப வரலாறு, கல்வி, மற்றவை.
மற்றவை என்பதில் கோடிட்டேன்.

விக்டோரியாவில் மழை.
எட்டு மணி நேரம் வண்டி, பிறகு கப்பல்,
இப்போது வாசலில் நிற்கிற வண்டிக்கு
மணிக்கணக்கில் கட்டணம்.

"இந்தியர்" என்று தேடினேன் முதல் நாள்.
வந்த பெட்டிகளில் நாங்கள் இல்லை.
எங்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்களின்
பயணப்படி இருந்தது.

இரண்டாம் நாள் ஆற்றின் பெயரால் தேடினேன்.
நில அளவைக்காரன் தன் மைத்துனி பெயரை அதற்கு வைத்திருக்கிறான்.
செக்வெப்மெக்கில் நாங்கள் சொல்லும் பெயர்
தொண்டையின் அடியில் தொடங்கும்.
அந்த ஒலிக்கு அவர்கள் தட்டச்சில் விசை இல்லை.
ஒரு குமாஸ்தா மட்டும்
கேள்விக்குறி போட்டிருக்கிறான்.
அவன் பரவாயில்லை.

மூன்றாம் நாள், பெட்டி கொண்டுவரும் இங்க்ரிட்
குனிந்து மெல்லச் சொன்னாள்:
"சாலைத் துறையில் பாருங்கள்.
லாடம், வெடிமருந்து, சாப்பாட்டுச் செலவு.
கணக்கு எழுதுகிறவனுக்குப் பொய் சொல்ல நேரமிருக்காது."

குதிரைத் தீனி.
குதிரைத் தீனி.
கோடாரிக் காம்பு ஒரு டஜன்.
செத்த குதிரைக்கு ஈடு.
பிறகு, எண்ணெய்க் கறையோடு ஒரு மஞ்சள் சீட்டு,
குண்டூசி துருவேறி இரண்டு ஓட்டை.

"1911 ஆகஸ்ட் 14, திங்கள்.
இந்தியன் அன்டோன். சாலைக் கூலிகளுக்கு மீன் நாற்பது.
நான்கு டாலர். பெற்றுக்கொண்டேன்."
கீழே ஒரு பெருக்கல் குறி.
கோடுகள் சந்திக்கும் இடத்தில்
மை ஊறிப் பரவியிருக்கிறது.
அவசரமில்லாமல் போட்ட கை.

அன்டோன் பாசில்.
எங்கள் குடும்பப் பெயர் அவரிடமிருந்துதான் இறங்கி வருகிறது.

மதியம் நீதிபதியின் பதிவேட்டைக் கேட்டேன், அதே மாதம்.
எதற்கென்று தெரியாது. ஒரு நமைச்சல்.

"ஆகஸ்ட் 19, சனி. அன்டோன், இந்தியன்.
ஆற்றில் தடுப்பு கட்டி மீன் பிடித்தது.
ஒப்புக்கொண்டான்.
ஐந்து டாலர், அல்லது பத்து நாள்.
சாட்சி: எச். ட்வீடேல், சாலை மேற்பார்வையாளர்."

ட்வீடேல்.
மஞ்சள் சீட்டில் பணம் கொடுத்ததும் ட்வீடேல்.

ஒரு நேரத்தில் மேஜையில் ஒரு பெட்டி என்பது விதி.
இங்க்ரிட் கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.
வெவ்வேறு துறை, வெவ்வேறு தளம்,
நூறு வருஷத்துக்கும் மேலாக
ஒன்றையொன்று சந்தித்திராத காகிதங்கள்.
ஒரே கையெழுத்து. 'ட்'டுக்கு அதே வால்.

மீனும் தின்று
சாட்சியும் சொல்லியிருக்கிறான்.

நான்கு வாங்கியவர் ஐந்து கட்ட வேண்டும்.
குறைந்த ஒரு டாலருக்கு யாரிடம் போனாரோ,
இல்லை, பத்து நாள்தான் இருந்தாரோ,
அதற்குச் சீட்டு இல்லை.
சிறைப் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டதாம்.
எந்த வெள்ளம் என்று கேட்டேன்.
பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள்.

நான் அழவில்லை.
சிரித்துவிட்டேன், சத்தமாக.
ஸ்காட்லாந்து வரை வம்சம் தேடிக்கொண்டிருந்த எதிர் மேஜைக்காரர்
பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

சான்றளித்த பிரதி, பக்கத்துக்குப் பன்னிரண்டு டாலர்.
கட்டினேன். ரசீது கொடுத்தார்கள்.
அதையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

வெளியே தூறலில் நின்று டெல்மருக்குப் போன் போட்டேன்.
தம்பி படகில் இருந்தான், காதடைக்கும் காற்று.
வக்கீலுக்கு இது போதும் என்றேன்,
விற்கிற அளவுக்குப் பிடித்திருக்கிறோம்,
அரசாங்கமே வாங்கியிருக்கிறது என்றேன்.
"என்ன மீன்?" என்றான்.
மீன் என்றுதான் எழுதியிருக்கிறது.
"தேதி?"
ஆகஸ்ட் பதினான்கு.

கொஞ்ச நேரம் தண்ணீர் மோதும் சத்தம்.

"சிவப்பு சால்மன். இரண்டாவது வரத்து," என்றான்.
"நாற்பதும் நல்ல கனமா இருந்திருக்கும்.
ஒண்ணு பத்து சென்டா?
மனுஷன் ஏமாந்திருக்கார்."