திரும்பி நின்ற எழுத்து

பதினெட்டாயிரம் பீஸ்.
எல்லாக் கழுத்திலும் ஓர் எழுத்து
கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நின்றது.
ஓக்கே போட்டது நான்தான்.
ரஷ்ய லேபிளில் எனக்கு எழுத்து கிடையாது,
அளவு மட்டும்தான்:
ஓரத்திலிருந்து மூன்று மில்லி,
கோணல் இல்லை, மை கசியவில்லை.

பதினைந்து வேலம்பாளையத்தில் இரண்டு ராத்திரி
உட்கார்ந்து பிரித்தோம்.
பிளேடு கிழித்த கோடு
கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.
முதலாளி சென்னியப்பன் சத்தம் போடவில்லை.
"படிக்கத் தெரியாததுக்குக்
கையெழுத்துப் போட்டிருக்கறயே, அம்மிணி."
சத்தம் போட்டிருக்கலாம்.

காந்திபுரத்தில் மூன்றாவது மாடி ஏஜென்சி.
"ரஷ்யாவுங்களா? டாக்டருக்குத்தானுங்களே?
நீட்டுல மார்க் எவ்வளவுங்க?"
பாஷை படிக்கங்க.
"பாஷைங்களா."
ஏசியைக் குறைத்தார்.
எனக்கு முப்பத்தி நாலுங்க என்றேன்,
அவர் கேட்காமலே.
டீ வந்தது. ஆறும் வரைக்கும்
ரெண்டு பேரும் பேசவில்லை.

அப்புறம் நானே எழுதிப் போட்டேன், ஊர் ஊராக.
எக்செல்லில் கட்டம் கட்டினேன்:
கட்டணம், விசா, குளிர், அரிசி.

ரீகா இரண்டே நிமிடத்தில் பதில் போட்டது.
படத்தில் எல்லோரும் சிரித்தார்கள்,
எல்லோருக்கும் ஒரே பல்வரிசை.
ரூபாயாக மாற்றிப் பார்த்தேன்:
ஒரு செகண்ட்ஹாண்ட் ஓவர்லாக் மிஷின்,
இன்னொன்றுக்கு அட்வான்ஸ்.

பீட்டர்ஸ்பர்க்குக்குப் பணம் அனுப்ப
வங்கி வழிவிடவில்லை.
வங்கி விட்டிருந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள்.
சண்டை நடக்குதல்லோ சாமி, சண்டை.

திபிலீசியில் ஒரு பேக்கரிக்கு மேலே வகுப்பு.
நடத்துகிறவர் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்.
"கூட வந்தது பாஷை மட்டும்" என்று எழுதியிருந்தார்.
நாலு தடவை படித்தேன்,
நாலு தடவையும் திபிலீசிதான் என்று முடிவெடுத்தேன்.
அஞ்சாம் தடவை கூச்சமாகிவிட்டது.
அடுத்தவர் துக்கத்தில்
கட்டணம் கட்டி உட்காருவது போல.

பிஷ்கேக் பத்து நாள் கழித்து வாய் திறந்தது.
குல்மிரா என்று ஒருத்தி.
கட்டணம் பற்றிப் பேச்சே இல்லை.
"எதற்கு?" என்று கேட்டிருந்தாள்,
அதோடு சரி.
லேபிளைப் படம் பிடித்து அனுப்பினேன்.

ராத்திரி ஒன்பதரைக்குத் திரையில் வந்தாள்.
"திரும்பி நிற்பது இ," என்றாள்.
"உங்கள் நாட்டுப் பெயரின் முதல் எழுத்து."
அப்புறம் மேல் வரியை வாசித்தாள்: ஹ்லோபக். பருத்தி.
ஓஷ் பக்கம் அவள் ஊர்.
பள்ளிக்கூடம் பாதி, பருத்திக்காடு பாதி என்று
விரல்நுனிகளைத் திரையருகே கொண்டுவந்தாள்.
நான் கட்டைவிரலைக் காட்டினேன்.
வேறென்ன காட்ட?

ஓர் ஓசை இருக்கிறது, என்றாள்.
உதட்டைக் குவிக்காதே, நாக்கைப் பின்னுக்கு இழு.
வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆறு மாசம் ஆகும்.
பஞ்சு, என்றேன்.
அந்தக் கடைசி உகரத்தை மட்டும் பிடித்து இழுத்தேன்.
அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
ஒரு மார்க்குக்காக உருப்போட்ட குற்றியலுகரம்,
இருபது வருஷம் கழித்து,
அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது.

பால் போனது போனதுதான்.
முதல் வாக்கியமும் அன்றைக்கே: எனக்கு முப்பத்தி நாலு.
அவர்களுக்கும் வயசு 'எனக்கு'த்தானாம்.
ஏஜென்சியில் சொன்ன அதே வாக்கியம்,
சொல்லை மட்டும் மாற்றினேன்,
நின்றது.

பிப்ரவரியில் ஆர்டர் குறைவு.
அஞ்சு வாரம் லீவு கேட்டிருக்கிறேன்,
சம்பளம் இல்லாமல்.
எக்செல்லில் கூட்டிப் பார்த்தால்
இப்பவும் ரீகாதான் முதலில் வருகிறது.

நேற்று புது லேபிள் வந்தது.
மூன்று எழுத்து தெரிந்தது.
அதில் ஒன்று இ.
நேராகத்தான் நின்றது.
மற்றதை
ஓரத்திலிருந்து அளந்துகொண்டிருக்கிறேன்.