வருகையின் நோக்கம்

கைக்கடிகாரத்தை இன்னும் திருப்பி வைக்கவில்லை.
அதில் எட்டரை, கீழக்கரையில் ஆறு.
கிள்ளானில் கிட்டங்கி திறந்திருப்பார்கள்.
என் நாற்காலியில் வேறொருத்தி
முதுகுக்குத் தலையணை வைத்துக் கணக்கு எழுதுவாள்.
இங்கே நல்லதண்ணி வண்டி மணியடிக்கிறது.

"தனி ஆளுக்கு ஒரு குடம் போதும்மா"
என்றார் முதல் நாள் வண்டிக்காரர்.
அதற்காகவே இரண்டு வாங்கினேன்.
இன்றுவரை இரண்டுதான்.
மிஞ்சுவதில் ஞாயிறுதோறும் தலைக்கு ஊற்றுகிறேன்,
உப்பேறாத முடி
விரலுக்கு எப்படி இருந்ததென்று மறக்காதிருக்க.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை கேட்டது,
மாடியை வாடகைக்குத் தந்த ஜெமிலா பீவி கேட்டார்,
கேஸ் கொண்டுவந்த பையன் கேட்டான்:
கூட யாரு?
கப்பலில் இருக்கிறார் என்றேன்.
முதலில் வெறும் கப்பல்.
பிறகு அவர் இரண்டாம் எஞ்சினியர் ஆனார்.
ஜூன் மாதம் சர்க்கரை வியாதி வந்தது.
உண்மையில் அவர் பூச்சோங்கில்
இன்னொருத்தி ஆற்றித் தரும் தேநீரில்
மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிறார்.

கப்பல் ஜெமிலாவுக்கு. தெருவுக்கு வேறு ஏற்பாடு.
ராமநாதபுரத்தில் நூற்றெண்பது ரூபாய்க்கு
கட்டம்போட்ட ஆண் சட்டை ஒன்று வாங்கினேன்.
வாரம் இருமுறை துவைத்து
சாலை பார்த்த கொடியில் காயப்போடுவேன்.
யாரும் போடாத சட்டைக்கு
எவ்வளவு சோப்பு வேண்டும் என்பது
எனக்குத் தெரியும்.

அதே நாள்தான் எஸ்.பி. ஆபீஸில் பதிவு.
வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
"சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?"
இல்லை.
"இருப்பாங்கம்மா, தேடுனா இருப்பாங்க"
என்று அவரே நிரப்பினார்:
உறவினரைக் காண.

மதியம் மெஸ்ஸில் எதிர் நாற்காலிக்குப் பையை உட்காரவைப்பேன்.
"அதுக்கும் இலை போடவா?" என்பான் பரிமாறுகிறவன்.
சிரித்துப் பழகிவிட்டது எனக்கு,
அவனுக்கு இன்னும் அலுக்கவில்லை.

என் தமிழ் இங்கே அடிக்கடி தடுக்கி விழும்.
"ஏர்வாடிக்கு காடி எப்போ?" என்றேன்.
ஊறுகாய்க் கடையைக் காட்டினார்கள்.
காடி, பசார், சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் அந்த 'லா',
ஒவ்வொன்றாய் மடித்துப் பெட்டிக்கடியில் வைத்தேன்.
பிறகொரு காலை, வண்டிக்கு நிற்கையில்,
பல் துலக்கியபடி ஜெமிலா கேட்டார்:
"பசியாறியாச்சா?"

எங்கள் தோட்டத்துச் சொல்.
இட்லியோ ரொட்டியோ, காலை உணவென்றால் பசியாறுவதுதான்.
எங்களோடு கப்பலேறி அங்கே போன சொல் என்றிருந்தேன்.
அது போகவே இல்லை போல.
இல்லை, போய்த் திரும்பியிருக்குமோ, என்னை மாதிரி
காரணம் ஏதும் எழுதாமல்.
"ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

ஆகஸ்டில் கச்சான் பிடித்தது.
கதவிடுக்கில் மணல், பாயில் மணல், பல்லில் மணல்.
மூன்றாம் நாள் கொடியிலிருந்த சட்டையைக் காணோம்.

ஜெமிலாதான் கொண்டுவந்தார்.
கிணற்றடி முருங்கையில் மாட்டிக் கிடந்ததாம்.
காலரை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.
"மூணு மாசமா துவைக்கிற.
ஒரு நாள் கூட இதுல அழுக்கில்லையே புள்ள.
எங்க வூட்டுலயும் மூணு தலைமுறை கப்பல்தான்,
கரையேறுறவன் கழுத்து எனக்குத் தெரியாதா?"

என்ன சொல்வதென்று தெரியாமல்
கடிகாரத்தைப் பார்த்தேன்.
அதில் ஒன்பது.
அவர் பதிலுக்கு நிற்கவில்லை.
இரண்டு படி இறங்கித் திரும்பினார்.
"எங்க மோட்டார் எரிஞ்சு போச்சு.
நாளைக்கு ஒரு குடம் எனக்குத் தர்றியா?"

இந்த ஊர் என்னிடம்
கேட்டுக்கொண்டேதான் இருந்தது.
தண்ணீர் கேட்டது இதுதான் முதல் தடவை.

விடிந்தும் விடியாமல் மூன்று குடத்தோடு நிற்கிறேன்.
வண்டிக்காரர் விரலால் எண்ணுகிறார்,
என்னைப் பார்க்கிறார்,
மறுபடி எண்ணுகிறார்.
"கப்பல் வந்துருச்சா?"
சில்லறை தேடுவதுபோல்
பைக்குள் குனிந்துகொள்கிறேன்.