ஒரு நிமிடம் நாற்பது விநாடி

வருமானவரிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில்
முதல் பதினொரு வருடம் பண்டசாலை மேற்பார்வை என்று எழுதினேன்.
பொய்யில்லை. ஸ்காபரோவில் உறைமீன் பெட்டிகள்
என்னைக் கேட்டுத்தான் ஏறின, இறங்கின.
பிறகு இசை என்று எழுதினேன். வரி குறைந்தது.

இங்கே இரவு இரண்டு மணி, சென்னையில் உச்சிவெயில்.
"சார், இந்த எடத்துல தியேட்டரே அழணும்" என்பார் இயக்குநர்.
எத்தனை விநாடிக்கு என்று கேட்பேன்.

அழுகைக்குச் சுபபந்துவராளி.
காந்தாரத்தைக் கொஞ்சம் அசைத்தால் போதும்,
தாய் செத்தாலும், நாய் செத்தாலும்,
இடைவேளைக்கு முன் நாயகனின் தோழன் செத்தாலும்.

பேஸ்மென்டில் கணப்பு உறுமும்.
அதை நிறுத்திவிட்டுத்தான் ஒலிப்பதிவு.
குலவீரசிங்கம் கம்பளிக் காலுறையோடு சப்பணமிட்டு
தொப்பியில் ரவை அப்புவான்.
"கெதியா எடு மச்சான், சுருதி கலையுது."

மேசையின் மற்றப் பக்கத்தில்
நான்கு தந்திகளுக்கு நான் எழுதிய ஒன்று. ஒன்பது வருடம்.
மூன்றாம் பகுதி வரவேயில்லை.
கிங்ஸ்டனில் ஒரு தேவாலயத்தில் முதலிரண்டை வாசித்தார்கள்.
முப்பத்தாறு பேர். அதில் ஐவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
இந்தக் கமகம் எங்கே போய் நிற்கும் என்றாள் செலோக்காரி.
எனக்கும் தெரியாது என்றேன்.
தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

போன மாசியில் குலவீரசிங்கத்தின் செத்தவீடு.
முழங்கால் பனி. மண்டப வாசலில்
சப்பாத்துகளைச் சுற்றிச் சிறு குளம்.
தேவாரம் முடிந்ததும் அவன் மருமகன்
கைபேசியை ஒலிபெருக்கியில் கொழுவினான்,
எங்கேயோ தேடி எடுத்த சோக இசை.

முதல் சுரத்திலேயே விளங்கிவிட்டது.
அறுநூறு டொலருக்கு ஒரே இரவில் முடித்தது.
எந்தப் படம், யார் செத்தது, எல்லாம் மறந்துபோயிற்று.
பெயர்ப்பட்டியலில் என் பெயரில் எழுத்துப்பிழை.
அவன் பெயரே இல்லை.

பெட்டிக்குள் அவன்.
ஒலிபெருக்கிக்குள்ளும் அவன், கம்பளிக் காலுறையோடு.
சனம் அழுதது. நானோ
பன்னிரண்டாம் ஆவர்த்தனத்தில் வயலின்
ஒரு மயிரிழை தாழ்ந்திருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
வெட்கமாயிருந்தது.

ஒரு நிமிடம் நாற்பதில் அது முடிவதில்லை, அறுந்து நிற்கும்.
படத்தில் அந்த இடத்தில் யாரோ கதவைத் திறப்பார்கள்.
இங்கே ஒரு 'டிக்'. மறுபடி முதலிலிருந்து.
ஏழாவது தடவைதான் கேட்டது:
'டிக்'குக்குச் சற்று முன், வாசித்து முடித்தவன்
விடும் மூச்சு.
அழித்திருக்க வேண்டியது.
அன்று அலுப்பில் விட்டுவிட்டேன் போல.

வீட்டுக்கு வந்து கணப்பை ஓடவிட்டேன்.
அதன் உறுமல் எந்தச் சுரத்திலும் சேராமல்
இரண்டுக்கு நடுவே கிடந்தது. அங்கேதான்
செலோ போய் நின்றது.
கடைசித் தாளின் அடியில் எழுதினேன்:
வில்லை எடுத்தபின், கேட்கும்படி மூச்சு விடவும்.

நேற்று அவளிடமிருந்து ஒரு வரி வந்திருக்கிறது.
எத்தனை விநாடிக்கு?