ரொட்டி சானாய் ஒன்று ஐம்பது

ஊத்தான் மெலிந்தாங் பெரிய சாலையில்
இழுத்துச் சாத்திய உணவகத்தின் சுவரிலிருந்து
அறுபத்தைந்து அங்குலத்தைக் கழற்றி
ஐந்நூறு வெள்ளிக்குக் கொடுத்தார் குணாளன்.
பெட்டி இல்லை, கால் இல்லை,
ரிமோட்டுக்குப் பின்மூடி இல்லை.
"படம் நல்லா வரும்மா" என்றார்
திரையைப் பார்க்காமல்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரியில்
போர்வை சுற்றி, நின்றவாக்கில் வந்தது.
ஓட்டியது தனசீலன்.
குழிக்குக் குழி "மெதுவா" என்றது நான்.
வழியில் ஆலைக்குள் நுழைந்து
என் எடைமேடையில் ஒரு நிமிடம் நிறுத்தினான், விளையாட்டுக்கு.
லோரி, அவன், நான், தொலைக்காட்சி:
நான்கு டன் இருநூற்று அறுபது.
பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகச்
சீட்டு அடிக்காமல் ஒரு வண்டியை அனுப்பினேன்.

எங்கள் கூடம் பத்தடி.
முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தும்
திரையின் இரண்டு ஓரமும் ஒன்றாகக் கண்ணில் விழவில்லை.
இடது மூலையில் எதிரி வந்தால்
கழுத்து திரும்புவதற்குள் செத்துப்போகிறேன்.
சோபாவை ஐந்தடிக்கு வெளியே தள்ளினோம்.
போதவில்லை.
கடைசியில் அடுப்படி வாசலில்
அரிசி மூட்டைக்கும் கேஸ் தோங்குக்கும் நடுவே
நாற்காலி போட்டேன்.
அங்கிருந்து உலகம் சரியான அளவில் இருந்தது.

மூன்று துளைகளில் மூன்றாவதற்கு மட்டும்தான்
நூற்றிருபது ஹெர்ட்ஸ் ஓடத் தெரியும்.
அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு போனது.
படத்தின் ஓரங்களைச் சட்டம் தின்றது;
எனக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும்
சிவப்புக் கோடு அதற்குள் எங்கோ.
சுடு என்றால்
யோசித்துவிட்டுச் சுட்டது.
வண்ணம் கூட்டுவது, மழமழப்பாக்குவது,
அழகுபடுத்தும் அத்தனை வேலையையும் நிறுத்தினேன்.
முகம் கொஞ்சம் வெளுத்தது.
கை உடனே வந்தது.

எழுத்துகள் மட்டும்
தண்ணீரில் ஊறியவை போல் கிடந்தன.
எங்கெங்கோ தோண்டி
அந்தத் துளையின் பெயரை மாற்றிக்
'கம்ப்யூட்டர்' என்று வைத்தேன்.
பெயர் வைத்த மாத்திரத்தில் தெளிந்துவிட்டது.
சம்பளச் சீட்டில் என் பெயர்
இன்றுவரை ஓர் எழுத்து குறைவாகவே வருகிறது.
அதை எந்த மெனுவில் போய் மாற்றுவது?

இரவு பதினொன்று.
கோத்தா பாருவிலிருந்து காதுக்குள் நொரைன்:
"சியாப், காக்?"
சியாப்.
முதல் இரண்டு ஆட்டம் பனிமலை, வெயில், ஜெயித்தோம்.
மூன்றாவது சுரங்கம்.
விளக்கு அணைந்து, திரை முழுக்கக் கறுத்தபோது
வலப்பக்கம் சாம்பலாய் ஏதோ எழும்பியது.
எதிரி என்று நினைத்து ஆறு குண்டு வீணாக்கினேன்.

ரொட்டி சானாய் 1.50
தோசை 1.80
மீ கோரெங் 5.00
தே தாரேக் என்பதில் பாதி.

வருடக்கணக்காய் விடிய விடிய ஒரே பட்டியல்.
வெளிச்சத்தில் ஒன்றும் தெரிவதில்லை.
இருட்டில் மட்டும் கடை திறந்திருக்கிறது.

"மானா டியா? எங்கே அவன்?" நொரைன் கத்தினாள்.
"தோசைக்குப் பின்னால்."
"ஆப்பா?"
விளக்க நேரமில்லை. சுட்டேன். விழுந்தான்.

நூறு வெள்ளியாவது திருப்பிக் கேள் என்றான் தனசீலன்
குளித்த தலையைத் துவட்டியபடி.
நியாயம்தான்.
திரையைப் படம் பிடித்துக் குணாளனுக்கு அனுப்பினேன்,
கோபமாக இரண்டு வரி எழுதி,
ஒரு வரியை அழித்து.

உடனே பதில் வந்தது.
தூங்கவில்லை போல.
"அது பழைய விலைம்மா.
ரொட்டியை ரெண்டு வெள்ளியாக்குனேன்,
மூணே மாசம்.
அது பதியல பாருங்க."

அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.
பணம் தருவாரா என்று தனசீலன் கேட்கிறான்,
எங்கே இருக்கிறாய் என்று நொரைன் கேட்கிறாள்.
நான் அந்த ஐம்பது காசு இடைவெளியில்
பதுங்கி உட்கார்ந்திருக்கிறேன்,
துப்பாக்கியில் மூன்று குண்டோடு.